வெளி அடுப்புக்கு விறகு தேடியவளுக்கு

இன்று காலை பிள்ளை மடுவத்துக்கு வரும் வழியில் ஒரு வாசனை வந்தது. விறகுப் புகை இல்லை. ஈர மண்ணோடு சேர்ந்து வேர் கருகும் வாசனை. நிமிர்ந்து பார்த்தேன். மேல் மலையில் பழைய தேயிலையைப் பிடுங்கிக் குவித்து நெருப்பு வைத்திருந்தார்கள். குவியல்களிலிருந்து புகை எழும்பாமல் தரையோடு படர்ந்து ஓடைப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. வேலைக்கு வந்த பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். நான் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு போய் மடுவத்தைத் திறந்து பிள்ளைகளை வாங்கித் தொட்டிலில் போட்டேன். எல்லோரும் தூங்கிய பிறகு இதை எழுதுகிறேன். உனக்கு எழுதி அனுப்ப இடம் இல்லை என்று தெரியும். இருந்தாலும் உன்னிடம் சொல்வதுபோல எழுதினால்தான் வரிசையாக வருகிறது.

நீ எங்கள் லயத்து வரிசை வீட்டுக்குக் கல்யாணமாகி வந்தபோது கினிகத்தேனைப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தாய். எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவுக்கும் உங்கள் காம்பிராவுக்கும் நடுவில் ஒரே சுவர். உன் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் ஒரே கவ்வாத்துக் கூட்டத்தில் தேயிலைச் செடி வெட்டியவர்கள். வந்த முதல் வாரம் நீ சேலைக்கு மேல் சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்கியது நினைவிருக்கிறது. குளிரைவிட அடுப்புதான் உனக்குப் பெரிய குறையாக இருந்தது. “என்னாக்கா இது, வெறகுன்னு சொல்லி ஈர்க்குச்சிய எரிக்கிறீங்க. எங்க பக்கம் ரப்பர் கட்டை ஒண்ணு வச்சா சோறு, கறி, சுடுதண்ணி எல்லாம் ஆயிரும். தேங்காச் செரட்டை சும்மா கெடக்கும்” என்றாய். எங்கள் பக்கம் தேங்காயே கடையில் வாங்குவது. சிரட்டைக்கு எங்கே போவது என்று நாங்கள் சிரித்தோம்.

நாங்கள் எரித்தது மிலாறு. கவ்வாத்து முடிந்ததும் செடிக்கடியில் விழுந்து கிடக்கும் சுள்ளி. அதை எடுக்க யாரும் தடை சொல்வதில்லை. பெண்கள் கொழுந்துக் கூடையோடு ஒரு கட்டு மிலாறையும் தலையில் வைத்துக்கொண்டு வருவோம். காய்ந்திருந்தால் நன்றாக எரியும். மழை மாதத்தில் அது காய்வது ஏது? ஈர மிலாறு எரியாது, புகையும். அடுப்பு இருப்பது முன்பக்கத் திண்ணையான இஸ்தோப்பில். சாரல் வராமல் இருக்க இஸ்தோப்பைச் சாக்கு போட்டு மறைத்திருப்போம். வெளியே போக வழியில்லாத புகை காம்பிராவுக்குள் வந்து கூரைத் தகரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். எங்களுக்கு அது வீட்டின் ஒரு பகுதி. கூரை கறுப்பாக இருக்கும், கண் சிவப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

உன் முதல் பிள்ளை ஆண். மழை மாதத்தில் பிறந்து, அடுத்த மழை மாதம் வருவதற்குள் நெஞ்சுச் சளியில் போய்விட்டது. மருந்துக்கார ஐயா சளி என்று சொன்னார். என் மாமியார் தோஷம் என்று சொன்னார். நீ இரண்டையும் கேட்டுக்கொண்டாய். காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி துவைக்கும் பீலிக்கரையில் என்னிடம் மட்டும் சொன்னாய்.

“பொகைதான்க்கா.”

“பொகையில எத்தினியோ புள்ளைங்க வளருது புள்ள. என் மாமியாரு ஏழு பெத்து இந்தப் பொகையிலதான் வளத்தாங்க.”

“வளராத புள்ள ஒண்ணு எங்கிட்ட இருந்துச்சு.”

நீ அழவில்லை. துணியைப் பிழிந்து கூடையில் போட்டுவிட்டுப் போனாய்.

மறுபடி நீ முழுகாமல் இருப்பது தெரிந்தபோது முதலில் சொன்னது அடுப்பைப் பற்றித்தான். “இந்தப் புள்ள பொறக்கறதுக்கு முன்னாடி அடுப்ப வெளிய கொண்டு போயிரணும்.” நீ இரண்டு ஞாயிறு வேலை செய்து லயத்துக்குப் பின்னால், உங்கள் மரக்கறிப் பாத்திக்குப் பக்கத்தில், மண் மேட்டைக் குடைந்து அடுப்பு போட்டாய். மூன்று பக்கமும் கல், மேலே நாலு கம்பில் தட்டி நிமிர்த்திய தார்ப்பீப்பாய்த் தகரம். கல் தூக்கித் தந்தது நான். களிமண் பிசைந்து பூசியது நீ. என் மாமியார் பின்கதவில் நின்று பார்த்தார். “அடுப்ப வீட்டுக்கு வெளிய வச்சா லெட்சுமியும் வெளியதான் நிப்பா” என்றார். “அடுப்புக்கு மேல தகரம் போட்டிருக்கேன் அத்தே. நனைய மாட்டாங்க” என்றாய். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது.

அடுப்பு கட்டியாயிற்று. அதில் எதை எரிப்பது என்பதுதான் அதன் பிறகு வந்த கதை.

மிலாறு அங்கே உதவவில்லை. மேட்டிலிருந்து இறங்கும் காற்று அடுப்பு வாய்க்குள் நேராக நுழைந்தது. ஒரு கட்டு மிலாறு காகிதம்போலப் பற்றி, சோறு கொதிக்கும் முன் சாம்பலாகிவிட்டது. நீ அடுத்து டர்ப்பன்டைன் மரத்தில் விழுந்த கிளை பொறுக்கி வந்தாய். எண்ணெய் ஊறிய மரம், நல்ல சூடு. ஆனால் படபடவென்று வெடித்துப் பொறி பறந்தது. ஒரு பொறி உன் சேலையில் விழுந்து ஓட்டை போட்டது. இன்னொன்று பாத்தியில் காயப்போட்டிருந்த சாக்கைப் பற்றவைத்தது. “அடுப்பா, தீபாவளியா?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அதோடு, விழுந்த கிளை கொஞ்சம்தான். நிற்கிற மரத்தில் கைவைத்தால் காவல்காரர் பிடித்துக் கொடுப்பார்.

பிறகு மரத்தூள். நோர்வூட் கடைவீதியில் ஒரு சிங்கள முதலாளியின் மரம் அறுக்கும் மரக்காலை இருந்தது. எங்களில் பலருக்குச் சிங்களம் தடுமாறும். நீ வளர்ந்த இடத்தில் இரண்டும் கலந்து பேசுவார்கள். நேராக உள்ளே போய் “லீ குடு” கேட்டு, பேசிச் சிரித்து, ஒரு சாக்கு நிறைய வாங்கி வந்தாய். பழைய பெரிய தகரப் பேணியில் நடுவே போத்தலை நிறுத்தி, சுற்றிலும் தூளை இடித்து அடைத்து, போத்தலை உருவி, அடியில் துளை வழியாகத் தீ வைத்தாய். சுடர் தெரியாமல் கணகணவென்று எரிந்தது. புகை இல்லை. அன்று என்னைக் கூப்பிட்டுக் காட்டியபோது உன் முகம் இருந்த விதம் எனக்கு நினைவிருக்கிறது. நாலு நாளில் மூடுபனி இறங்கியது. மிச்சத் தூள் சாக்கோடு ஈரம் குடித்து, புட்டு மாவுபோல உருண்டு கிடந்தது.

ஹட்டனில் கரி கிடைக்கும். ஆனால் அது சலவைக்காரருக்கும் பங்களாவுக்கும்தான் கட்டுப்படியாகும். மண்ணெண்ணெய் அடுப்பு வாங்கு என்று நான் சொன்னேன். மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா வீட்டில் அப்போதுதான் வந்திருந்தது. நீ அதையும் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தாய். “காத்துல அணையுதுக்கா. உள்ள வச்சாத்தான் எரியும். உள்ள வக்கிறதுக்கா வெளிய அடுப்பு போட்டேன்?” என்றாய். ஒவ்வொன்றையும் இப்படித்தான் பார்த்துத் தள்ளினாய். அவசரப்படவில்லை. ஆனால் உன் வயிறு பெரிதாகிக்கொண்டிருந்தது. மழையும் வந்துவிட்டது. அடுப்பு பாதி நாள் குளிர்ந்து கிடந்தது. மற்றப் பாதி நாள் நீ பழையபடி இஸ்தோப்பில் புகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாய்.

அந்த வருடம்தான் எங்கள் தோட்டத்தில் முதன்முதலாகப் பழைய தேயிலையைப் பிடுங்கினார்கள். தலவாக்கலைப் பக்கமிருந்து புதுக் கன்று வரப்போகிறது, பழையதை வேரோடு எடுக்க வேண்டும் என்றார்கள். ஆண்கள் தோண்டி எடுத்த தூர்கள் ஒவ்வொன்றும் ஆட்டுக்குட்டி அளவு. அவற்றை மலையிலேயே குவித்துக் கொளுத்த உத்தரவு. வேரில் நோய் இருக்கலாம், ஒருவரும் லயத்துக்கு எடுத்துப் போகக் கூடாது என்றும் உத்தரவு. மழையில் குவியல்கள் எரியவில்லை. புகைந்து புகைந்து அணைந்தன. நாங்கள் கொழுந்து எடுக்கும் மலைக்கு அந்த வழியாகத்தான் போகவேண்டும். நீ போகும்போதும் வரும்போதும் அந்தக் குவியல்களைத் திரும்பிப் பார்த்தாய். கேட்டதற்கு, “எடைய பாக்குறேன்” என்று மட்டும் சொன்னாய்.

ஒரு மாலை கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும்போது தூர் ஒன்றை வெறுங்கூடைக்குள் வைத்துக்கொண்டு வந்தாய். மிலாறால் தீ மூட்டி அதைச் சொருகினாய். பற்ற நேரமெடுத்தது. பற்றிய பிறகு அணையவில்லை. காற்று அடிக்க அடிக்கச் சிவந்தது. புகை கொஞ்சம், அதுவும் வெளியே. சோறு வடித்து, கறி இறக்கி, குளிக்கத் தண்ணீரும் காய்ச்சினாய். விடியலில் சாம்பலைக் கிளறினால் அடியில் தணல் இருந்தது. நீ தேடியது கிடைத்துவிட்டது. இரண்டாவது தூர் எடுத்து வந்த அன்று காவல்காரர் பார்த்துவிட்டார்.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிட்டார்கள். உன் பேர் வரவில்லை. உன் வீட்டுக்காரர் பேரும் வரவில்லை. கண்டாக்கு ஐயா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “திருட்டு வெறகு எடுத்தவங்களுக்கு இன்னைக்குப் பேர் கெடையாது. இன்னொரு தடவை எடுத்தா பத்துச்சீட்டு கிழிச்சிருவேன்.” அந்தச் சீட்டைக் கையில் வாங்கினால் வேலையும் இல்லை, லயத்துக் காம்பிராவும் இல்லை என்பது குழந்தைக்கும் தெரியும். உன் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு உன் கையைப் பிடித்து இழுத்தார். நீ அசையவில்லை. தொழிற்சங்கத் தலைவர் உன்னிடம் வந்து, “வெறகுக்கெல்லாம் சங்கம் பேச முடியாதும்மா, வீட்டுக்குப் போ” என்று மெதுவாகச் சொன்னார். அதற்கும் நீ அசையவில்லை. கொழுந்துக்காரிகள் மலைக்குப் போகாமல் நின்றோம். அப்போது தோட்டத்துப் பெரியதுரைக்கு அடுத்தவரான சின்னத்துரை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

“என்னா வேணும் இவளுக்கு?” என்று தோட்டத்துத் தமிழில் கேட்டார்.

“தூர் வேணுங்க தொரை.”

“அது சீக்கு மரம். லயத்துக்குப் போனா சீக்கு மத்த மலைக்கும் போகும்.”

“கொண்டு போன அன்னைக்கே எரிச்சிருவேங்க. மிச்சம் வைக்க மாட்டேன்.”

கண்டாக்கு ஐயா குறுக்கே வந்தார். “மலையிலேயே எரியல. இவ எரிச்சுக் கிழிப்பாளாம்.”

“மலையில மழை பெய்யுதுங்க ஐயா. என் அடுப்புக்கு மேல தகரம் இருக்குங்க.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சின்னத்துரை சிரிக்கவில்லை. “வெளி அடுப்பா? ஏன் வெளிய?” என்றார்.

நீ முந்தானையை வயிற்றுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாய். பிறகு சொன்னாய்: “போன புள்ள பொகையில செத்துப்போச்சுங்க.”

என்னைத் தவிர அதை நீ யாரிடமும் சொன்னதில்லை. அத்தனை பேர் நின்ற களத்தில் மழைத் தூறல் கூடைகளில் விழும் சத்தம் கேட்டது. சின்னத்துரை கண்டாக்கு ஐயாவிடம் இங்கிலீஷில் ஏதோ பேசினார். பிறகு போய்விட்டார். உனக்கு அன்று பேர் தரவில்லை. நாங்கள் மலைக்கு ஏறினோம்.

மாலை வந்து பார்த்தபோது நீ குளிர்ந்த அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாய். “காலு ரெண்டும் ஆடுதுக்கா” என்றாய். “அங்க ஆடல. இங்க வந்துதான் ஆடுது.” நான் உன் காலைப் பிடித்துவிட்டேன். பத்துச்சீட்டு தந்தால் எங்கே போவது என்று இருவரும் பேசினோம். உன் அம்மா வீட்டில் ஏற்கெனவே ஒரு காம்பிராவில் இரண்டு குடும்பம். நீ சொன்னாய்: “போற எடத்துலயும் வெளியதான் அடுப்பு போடுவேன்.”

பத்துச்சீட்டு வரவில்லை. அடுத்த வாரம் பெரட்டில் புது உத்தரவு சொன்னார்கள். மலையிலேயே மண்ணைத் தட்டிவிட்டு, விரும்பியவர்கள் தூர் எடுத்துப் போகலாம், சேர்த்துவைக்காமல் எரித்துவிட வேண்டும், கன்று நடுவதற்குள் மலை காலியாக வேண்டும். நீ பேசியதால் வந்ததா, எரியாத குவியலால் நடவு தள்ளிப்போவதைப் பார்த்து வந்ததா, எனக்குத் தெரியாது. சங்கத் தலைவர் தான் பேசி வாங்கியதாகச் சொன்னார். நீ மறுக்கவில்லை. “யாரு வாங்குனா என்னாக்கா, சூடு ஒண்ணுதானே” என்றாய்.

லயம் முழுக்கத் தூர் தூக்கியது. வேடிக்கை என்னவென்றால், எல்லோரும் அதை இஸ்தோப்பு அடுப்பில்தான் எரித்தார்கள், நானும்தான். ஒருவரும் அடுப்பை வெளியே கொண்டுபோகவில்லை. உன் ஒருத்தியின் அடுப்பு மட்டும் மழையில் தகரத்துக்கடியில் எரிந்தது. நீ சாக்கைப் போர்த்திக்கொண்டு அங்கே உட்கார்ந்திருப்பாய். முதுகு நனையும், முகம் காயும். நீங்களும் அடுப்பை வெளியே போடுங்கள் என்று நீ யாரிடமும் சொன்னதில்லை.

உன் மகள் அந்த மழையிலேயே பிறந்தாள். அவளைக் குளிப்பாட்டிய ஒவ்வொரு சொட்டுத் தண்ணீரும் வெளியே காய்ந்து வாளியில் உள்ளே போனது. குளிர் என்று என் மாமியார் உள்ளே தணல் சட்டி வைக்கச் சொன்னார். நீ மறுத்துவிட்டு, கல்லைச் சுட்டுத் துணியில் சுற்றிப் பாயின் ஓரத்தில் வைத்தாய். பிள்ளைக்கும் சளி வந்தது. எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதான். நீ இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் மடியிலேயே வைத்திருந்தாய். மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாய். பிறகு சளி இறங்கியது. வெளி அடுப்பைப் பழித்த என் மாமியாரே அவளை லெட்சுமி என்று முதலில் கூப்பிட்டார். அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு மலையைப் பிடுங்கினார்கள். தூர் கிடைத்தது. தூர் இல்லாத மாதங்களுக்கு மிலாறைக் கட்டுக்கட்டாகத் தகரத்துக்கடியில் அடுக்கி, வெயில் மாதத்திலேயே காயவைத்துக்கொள்ளப் பழகினாய். காற்று வரும் பக்கம் ஒரு கல்லைச் சாய்த்து, மிலாறும் பொறுமையாக எரியும்படி செய்தாய். உன் அடுப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

நீ போனது மழையிலும் இல்லை, புகையிலும் இல்லை. வெயில் பளிச்சென்று அடித்த மாசியில், மூன்று நாள் காய்ச்சல். லொறியில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் லொறிப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உனக்கு நினைவு தெளிவாக இருந்தது. “அக்கா, அடுப்புல தூர் கெடக்கு. தண்ணி ஊத்தி அணைச்சிறாதீங்க, ஈரமாயிரும். சாம்பலப் போட்டு மூடி வைங்க” என்றாய். மூடி வைத்தேன். நீ திரும்பி வரவில்லை.

உன் வீட்டுக்காரர் அந்த வருடக் கடைசியில் மகளை அழைத்துக்கொண்டு தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்துக்கு, அவர் அக்கா வீட்டுக்குப் போனார். இப்போது இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுப்பதா, இங்கேயே பிரஜாவுரிமை கேட்பதா என்று அங்கே எல்லோரையும்போல அவரும் யோசித்துக்கொண்டிருக்கிறார். உங்கள் காம்பிராவுக்கு வேறு குடும்பம் வந்தது. நல்ல மனிதர்கள். அடுப்புக் கல்லைப் பெயர்த்து மாட்டுப்பட்டிக்கு அடித்தளம் போட்டார்கள். அவர்களுக்கு மாடு தேவை.

மூன்று வருடமாக நான் மடுவத்தில் ஆயாவாக இருக்கிறேன். பிள்ளைகள் தூங்கியதும் ஒவ்வொரு தொட்டிலாகக் குனிந்து மூச்சைக் கேட்பேன். யாரும் செய்யச் சொன்னதில்லை. கரகரப்பு கேட்டால் அன்று மாலை அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் சொல்லுவேன். சில பேர் மருந்துக்கார ஐயாவிடம் காட்டுவார்கள். சில பேர், சளிதானே ஆயா என்று சிரிப்பார்கள். மறுநாளும் சொல்லுவேன். புகைதான் உன் முதல் பிள்ளையைக் கொண்டுபோனதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தவர்கள் யாரையும் நான் சந்திக்கவில்லை. ஆனால் குனிந்து கேட்காமல் ஒரு தொட்டிலையும் தாண்டிப் போக என்னால் முடிவதில்லை.

போன மாதம் பஸ் ஏறி உன் மகளைப் பார்க்கப் போனேன். பஸ் நிற்கும் இடத்திலிருந்து அவர்கள் லயம் செங்குத்தான ஏற்றம், படிகூட ஒழுங்காக இல்லை. அவள் என்னைக் கூட்டிப்போகக் கீழே வந்து நின்றாள். உன் நெற்றி, உன் வீட்டுக்காரரின் காது. என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் ஓடினாள். நான் இரண்டு இடத்தில் உட்கார்ந்து இளைப்பாற வேண்டியிருந்தது. அவள் உச்சிக்குப் போய், திரும்பி என்னிடம் இறங்கி வந்து, மறுபடி ஏறி, மேலே நின்று கூப்பிட்டாள்: “பெரியம்மா, சீக்கிரம் வாங்க, தேத்தண்ணி ஆறிப்போகும்!” எட்டிப் பிடித்ததும் பையை வாங்குவதுபோல அவள் முதுகில் கையை வைத்துப் பார்த்தேன். அவ்வளவு ஏற்றத்துக்கும் அவளுக்கு மூச்சு வாங்கவில்லை.